முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

ஜூன் 10, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து சின்ன மகள் வினோதினியை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. காரின் பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்தாற்போல் வந்தாள். ஆண்டிபட்டி கணவாயில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் இருந்த என் தோளைப் பிடித்தாள். போடி வந்து சேர்வதற்குள் எனக்கே முட்டி வலித்தது.

என் வீட்டுக்காரி ஈஸ்வரி திருப்பூரில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள். மூத்தவளுக்கு இரண்டாவது பிரசவம், வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பச்சைப்பிள்ளையையும் பெரியவனையும் பார்க்கவே அவளுக்கு நேரம் போதவில்லை. போனில் ஒரு மணி நேரம் எனக்கு உத்தரவு போட்டாள். கடைசியாக, "எந்த மாத்திரைய எப்பக் குடுத்தீங்கன்னு எழுதி வைங்க. உங்களுக்கு நேத்துத் தின்ன சோறே ஞாபகம் நிக்காது" என்றாள். பஞ்சு வியாபாரி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி என் மெத்தைக்கடையில் சும்மா கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

மாத்திரை காலையில் இரண்டு, ராத்திரி மூன்று. ராத்திரி மாத்திரையில் ஒன்று தூக்கத்துக்கு.

யாரும் இடிக்கவில்லையாம். கோயம்புத்தூரில் அவள் கல்லூரி மைதானத்தில் கூடைப்பந்து ஆட்டம். எம்பிப் பந்தைப் பிடித்துவிட்டு இறங்கியிருக்கிறாள். பாதம் தரையில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. உள்ளே பட்டென்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்ற பெண்ணுக்கே கேட்டதாம். முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பூட்டியிருக்கிறார்கள்.

நான் அங்கே இல்லை. அவள் ஆடுகிற ஆட்டம் எதற்கும் நான் போனதில்லை. கல்யாண சீசன், பஞ்சு லோடு என்று வருஷா வருஷம் ஒரு காரணம் இருந்தது. ஈஸ்வரிதான் போவாள்.

ஜூன் 12, புதன்

தேனிக்கு பிசியோதெரபிக்குப் போனோம். முட்டி போனவர்கள் வருகிற இடத்தை முதல் மாடியில் வைத்திருக்கிறார்கள். நல்லவேளை லிஃப்ட் இருந்தது.

அங்கே பார்ப்பவர் ரிஸ்வானா என்ற பெண். உத்தமபாளையத்துக்காரர், முப்பது வயது இருக்கும். குரலே உயராது. ஆனால் அவர் சொன்னதைச் செய்யாமல் யாரும் அந்தக் கட்டிலிலிருந்து இறங்க முடியாது.

முதலில் தொடையை இறுக்கச் சொன்னார். வினோ தன் தொடையையே முறைத்துப் பார்த்தாள். சதை அசையவில்லை. "ஆபரேஷன் ஆனதும் இந்தச் சதை தூங்கிப்போயிரும். மூளை சொன்னாலும் கேக்காது. தட்டித் தட்டித்தான் எழுப்பணும்" என்றார் ரிஸ்வானா. வினோ சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "சார், மடக்குறது மெதுவா வரும், பயமில்ல. நீட்டுறதுதான் முக்கியம். அது இந்த ஒரு மாசத்துல வந்தாகணும். கதவு முழுசாத் திறக்காட்டி எந்தச் சாமான உள்ள கொண்டு போவீங்க? முட்டி நேரா நிக்கலன்னா நடையே நொண்டல்தான். அப்புறம் எங்குட்டு ஓட, எங்குட்டுத் தாவ?"

குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தார். முட்டி அந்தரத்தில் நின்றது. தன் எடையிலேயே அது கீழே இறங்கி நேராக வேண்டுமாம். வலிக்கும், வலித்தாலும் எடுக்கக் கூடாது, ஒரு நாளில் பல தடவை செய்ய வேண்டும் என்றார்.

"எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. வலிக்குதேன்னு முட்டிக்கு அடியில தலகாணிய வச்சிருவாங்க. சொகமாத்தான் இருக்கும். ஆனா முட்டி மடங்குன வாக்குலயே எறுகிப்போகும். நீங்க மெத்தக்கடை வச்சிருக்கீங்களாம்ல? அந்தக் கட்டில் பக்கம் தலகாணி எதுவும் வரக் கூடாது சார்."

சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது. முப்பது வருஷமாக இலவம்பஞ்சில் கைவைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்து வலி என்று வருகிறவனுக்கு ஒரு மாதிரி, முதுகு வலி என்று வருகிறவனுக்கு ஒரு மாதிரி அடைத்துத் தருவேன். சென்றாயன் கடைத் தலையணையால் யாருக்கும் கெடுதல் வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

ஜூன் 13, வியாழன்

மாத்திரை கொடுத்தேன். ரசம் உப்புக் கரித்தது. "நல்லாருக்குப்பா" என்று இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டாள்.

ஜூன் 15, சனி

வினோ அழுகிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோதுகூட பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியவள். இன்று சாயங்காலம் குதிகாலுக்குத் துண்டை வைத்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எடுத்துரவாப்பா?"

"மேடம் சொன்ன நேரம் இன்னும் ஆகலம்மா."

இதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அங்கேயும் கேட்டது. பெற்ற பிள்ளையை யாரோ அடிக்க, நான் வாசலில் நின்று காவல் காக்கிற மாதிரி இருந்தது.

மாத்திரை போட்டுத் தூங்கினாள். தூக்கத்திலும் முகம் சுளித்தபடியே இருந்தது. திருப்பூர்ப் பேரனுக்கென்று தைத்த தொட்டில் தலையணை பீரோமேல் இருந்தது. அதை எடுத்து மெதுவாக முட்டிக்கு அடியில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. மூச்சு சீராக வந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்தது இன்றுதான்.

ஒரு ராத்திரிதானே. விடிவதற்குள் எடுத்துவிடுவேன்.

ஜூன் 18, செவ்வாய்

தொட்டில் தலையணை சின்னதாக இருக்கிறது, காலை அசைத்தால் நழுவுகிறது. கடையில் உட்கார்ந்து நீலத்துணியில் அளவாக ஒன்று தைத்தேன். கொட்டை, தூசி இல்லாமல் பஞ்சைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். முக்கால் பங்குதான் அடைத்தேன். நிறைய அடைத்தால் காலைத் தள்ளும், குறைத்தால் அமுங்கிவிடும். நடுவில் முட்டி உட்கார ஒரு பள்ளம் விட்டேன். சொல்லக் கூடாது, நான் செய்ததிலேயே நல்ல தலையணை இதுதான்.

இப்போது இது பழக்கமாகிவிட்டது. அவள் அசந்து தூங்கியதும் வைப்பது, பால் காய்ச்சுவதற்கு முன்னால் எடுப்பது. பகலில்தான் அத்தனை பயிற்சியும் செய்கிறாளே, ராத்திரியாவது அந்தக் கால் சும்மா இருக்கட்டும். ரிஸ்வானா மேடம் படித்தவர், சரிதான். ஆனால் அவர் இந்தப் பிள்ளையைப் பெறவில்லை.

ஜூன் 19, புதன்

காலையில் காபி குடிக்கும்போது வினோ கேட்டாள். "ராத்திரி கால்ல என்னமோ மெத்துன்னு இருந்துச்சு. தலகாணி ஏதும் வச்சீங்களாப்பா?"

"இல்லையே. போர்வை சுருண்டிருக்கும். உருண்டு உருண்டுதான படுக்குற."

"அதான பாத்தேன்" என்று குடித்தாள்.

இந்தப் பொய் என் வாயிலிருந்து எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது என்று கடையில் இருந்த நேரமெல்லாம் யோசித்தேன். வியாபாரத்தில்கூட நான் இப்படிப் பேசுகிறவன் இல்லை.

ஜூன் 24, திங்கள்

தேனி. ரிஸ்வானா வினோவைப் படுக்க வைத்து, முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தார். உள்ளங்கை தாராளமாகப் போய் வந்தது. போன தடவையைவிட ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"வீட்டுல செய்யிறதில்லையா?"

"செய்யிறேன் மேடம்."

"செஞ்சா இப்பிடி இருக்காது வினோதினி. வலிக்குதுன்னு பாதியில எடுத்துருற. அப்பா பாசமா இருக்காருன்னு படுத்துக்கிட்டா போதுமா? உனக்கு ஆட ஆசை இருக்கா இல்லையா?"

பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வினோவின் காது சிவந்துவிட்டது. அவள் பாதியில் எடுத்ததே இல்லை. அழுவாள், ஆனால் எடுக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சுவரில் மாட்டியிருந்த முட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தி பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நெஜமாவே ஒழுங்காத்தாம்ப்பா செய்யிறேன். நீங்களாவது நம்புறீங்கள்ல?" என்றாள். நம்புகிறேன் என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று வைக்கவில்லை. தூக்கத்தில் முனகிக்கொண்டே இருக்கிறாள்.

ஜூன் 26, புதன்

வைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

சாரல். காற்று மேற்கேயிருந்து பிய்த்துக்கொண்டு வருகிறது. இந்தக் காற்றில் பஞ்சைப் பிரிக்க முடியாது, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தேன். உண்மையில் காற்று இல்லாவிட்டாலும் இப்போதெல்லாம் சீக்கிரம்தான் அடைக்கிறேன்.

வினோ வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாள், நான் தாளிக்கிறேன். பிறகு தாயம் ஆடுகிறோம். அழுகுணி ஆட்டம் ஆடுகிறேன் என்று என்னைத் திட்டுகிறாள். பள்ளிக்கூடம் போன காலத்தில் எது வேண்டுமானாலும் அம்மாவிடம்தான் போவாள். நான் கடையிலிருந்து வரும்போது தூங்கியிருப்பாள். அப்புறம் விடுதி. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பேச்சு உண்டு என்பதே எனக்குப் புதிது.

இன்று போனில் அவள் ஆடிய ஆட்டம் ஒன்றைக் காட்டினாள். மஞ்சள் சட்டையில் ஒருத்தி குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். "யாரும்மா அது, மான் மாதிரி ஓடுது?" என்றேன். "நாந்தாம்ப்பா" என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன். இப்படி ஓடுகிறவள் போடியில் எதற்கு இருக்கப் போகிறாள் என்று தோன்றியது.

ஈஸ்வரி கூப்பிட்டாள். பிள்ளைக்கு மஞ்சள்காமாலை, வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றாள். "அதுக்கென்ன, இருந்துட்டு வா" என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. "என்னா, நான் இல்லாம சொகமா இருக்கீங்களோ" என்று சிரித்தாள்.

ஜூலை 5, வெள்ளி

கல்லூரிக் கோச் அம்மா வினோவிடம் பேசினார். அடுத்த சீசன் வரைக்கும் அவள் இடத்தை வைத்திருப்பாராம். ஆனால் மூன்றாம் மாதப் பரிசோதனையில் முட்டி நேராக நிற்க வேண்டும், தொடைக்கு வலு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு பெண்ணை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறார். போனை வைத்த கையோடு வினோ குதிகாலுக்குத் துண்டை எடுத்தாள்.

ஜூலை 8, திங்கள்

ரிஸ்வானா இன்று திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"தழும்பு வைக்கிறது உடம்போட குணம் சார். முட்டி முழுசா நீண்டா அதுக்கு உள்ள இடம் இருக்காது. மடங்கியே கெடந்தா முன்பக்கம் சந்துல தழும்பு வளந்து கட்டியா நின்னுக்கும். அப்புறம் நீட்ட நெனச்சாலும் அது குறுக்க வந்து முட்டும். இந்தப் பிள்ளைக்கு அப்பிடி ஆயிருச்சோன்னு சந்தேகமா இருக்கு. டாக்டர்ட்டக் காட்டுங்க. மறுபடி உள்ள போய் எடுக்கணும்னாலும் சொல்லுவாரு."

மறுபடி ஆபரேஷனா என்று வினோ கேட்டாள். சொல்ல முடியாது என்றார்.

கடையில் பழைய தலையணை ஒன்று பிரிப்பதற்கு வந்திருந்தது. ஒரே பக்கம் அழுத்திப் படுத்தால் பஞ்சு மூலையில் ஒதுங்கிக் கட்டிதட்டிப்போகும். கையால் பிய்த்தால் வராது. இதை எத்தனை வாடிக்கையாளருக்குச் சொல்லியிருக்கிறேன், திருப்பித் திருப்பிப் போட்டுப் படுங்கள் என்று. எனக்குத் தெரியாத விஷயமா இது?

நீலத்துணி போட்ட அந்தத் தலையணையைக் கிழித்துப் பஞ்சைக் குவியலோடு கொட்டினேன். இனி வைக்க மாட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

வினோ விடியற்காலையிலேயே எழுந்து பயிற்சி செய்கிறாள். "என் காலுதாம்ப்பா ஒத்துழைக்க மாட்டேங்குது. நான் இன்னும் கொஞ்சம் கூடச் செய்யணும்" என்கிறாள்.

சொல்ல வாயெடுத்தேன். குக்கர் விசிலடித்தது. அதைச் சாக்காக வைத்து எழுந்து போனேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஈஸ்வரி போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி மூத்தவளுக்கும் மாப்பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி என்னைப் புகழ்ந்தாள். "ஒரு பொம்பளகூட இப்பிடிப் பாக்க மாட்டா. இந்த மனுசனுக்குள்ள இப்பிடி ஒரு ஆள் இருந்தது முப்பது வருசமா எனக்கே தெரியல" என்றாள். மாப்பிள்ளை, "மாமா கிரேட்" என்றார்.

கிழித்துப் போட்டுவிட்டேன், இப்போது எதுவும் வைப்பதில்லை, அப்புறம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நாளெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். தீர்ப்பு ஒவ்வொரு தடவையும் எனக்கு எதிராகவே வருகிறது.

ஜூலை 19, வெள்ளி

மதுரை. டாக்டர் முட்டியை நீட்டிப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். முன்பக்கம் தழும்பு திரள ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கல்லாகவில்லை என்றார். மூன்று வாரம் கெடு. அதற்குள் அழுத்தி நேராக்கப் பார்க்கலாம். ஆகாவிட்டால் மறுபடி துளை போட்டுச் சுரண்ட வேண்டும், அப்புறம் இந்த வருஷம் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

எழுதிக்கொண்டே கேட்டார். "தூங்கும்போது முட்டிக்கு அடியில எதாச்சும் வைக்கிற பழக்கம் உண்டா?"

வினோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இல்ல சார். எங்கப்பா மெத்தக்கடைதான் வச்சிருக்காரு. ஆனாலும் அந்தக் கட்டில் பக்கம் ஒரு தலகாணி கொண்டு வரல. அவ்வளவு கண்டிப்பு."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "குட்" என்றார்.

நானும் தலையாட்டினேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் ஆட்டினேன்.

ஜூலை 20, சனி

பஞ்சு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு தேனிக்குத் தனியாகப் போனேன். ரிஸ்வானா மேடத்தின் அறைக்கு வெளியே காத்திருந்து, கூட்டம் போன பிறகு உள்ளே போய்ச் சொன்னேன். தொட்டில் தலையணை, நீலத் தலையணை, போர்வை சுருண்டிருக்கும் என்று சொன்ன பொய், எல்லாம்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பிள்ளைய அத்தன பேருக்கு முன்னால நான் திட்டுனேன் சார். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா மேடம்."

"ஏன் வச்சீங்க?"

"வலிக்குதுன்னு அழுதுச்சு. பாக்க முடியல."

"யாருக்கு முடியல? அவளுக்கா, உங்களுக்கா?"

அவர் விடவில்லை. "அவ வலிய நீங்க எடுக்கல. சேத்து வச்சுக் குடுத்திருக்கீங்க. இப்ப மொத்தமா அவதான் அனுபவிக்கணும்."

நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்களேன் என்று கேட்டேன். அம்பத்தாறு வயசு ஆள் கேட்கிற கேள்வியா அது. "நான் சொல்ல மாட்டேன். அவ தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கிட்டிருக்கா. அத நீங்கதான் நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஜூலை 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலைப் பயிற்சி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் கேட்டேன்ல. காபி குடிக்கிறப்ப. தலகாணி வச்சீங்களான்னு."

"கேட்டம்மா."

"உருண்டு படுக்குறேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"முந்தாநேத்து டாக்டர்ட்ட பெருமையா வேற சொன்னேன். உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

முட்டியைத் தடவிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "நான் திரும்பப் போகக் கூடாதுன்னு நெனச்சீங்களாப்பா?"

நீ அழுததைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் என்றேன். அது உண்மை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. கேட்டதற்கு 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல என்னால் ஆகவில்லை.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 22, திங்கள்

சாப்பாடு வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். தேனிக்கு அவளே ஆட்டோ பேசிப் போய் வந்தாள்.

ஈஸ்வரிக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். "பிள்ளைய உங்கள நம்பி விட்டதுக்கு நல்லாப் பாத்தீங்க" என்று வைத்துவிட்டாள். இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

ஜூலை 24, புதன்

பேச்சு இல்லை. தாயக்கட்டம் அழித்திருக்கிறது. மாத்திரை நேரத்துக்கு அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 27, சனி

ரிஸ்வானா என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஆட்டோவில் வினோ ஓட்டுநர் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இங்கே வந்து செய்கிற பயிற்சி மட்டும் போதாது, வீட்டில் காலையும் மாலையும் இன்னொருவர் கையால் அழுத்த வேண்டும், தன்னைத்தானே அப்படி அழுத்திக்கொள்ள முடியாது என்றார். அம்மா எப்போது வருவார் என்று கேட்டார். பிள்ளைக்கு இன்னும் மஞ்சள் இறங்கவில்லை, பத்து நாளாவது ஆகும் என்றாள் வினோ. டாக்டர் கொடுத்த கெடுவில் ஒரு வாரம் போய்விட்டது என்றார் ரிஸ்வானா. யாராவது சிநேகிதி, பக்கத்து வீடு?

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரே அழுத்தட்டும் மேடம்" என்றாள் வினோ. ஆறு நாளைக்குப் பிறகு என்னைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை.

ரிஸ்வானா என் கையைப் பிடித்து இடம் காட்டினார். ஒரு கை முட்டிச்சில்லுக்கு மேலே தொடையில், இன்னொன்று கீழே கணுக்காலுக்கு மேல். சில்லின்மேல் கை படக் கூடாது. வெடுக்கென்று அழுத்தக் கூடாது. பாரத்தை மெள்ள மெள்ள இறக்கி, அங்கேயே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். சுரீரென்று புதுவிதமாக வலித்தால் அவள் சொல்வாள், அப்போது விட வேண்டும். மற்ற வலிக்கு விடக் கூடாது. பஞ்சை அமுக்கிப் பழகிய கை, எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று தெரிகிறது. ஆனால் பஞ்சு கத்தாது.

அவள் கத்தியதும் என் கை தானாக எழும்பிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் தடவை ரிஸ்வானா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

ஜூலை 28, ஞாயிறு

இன்று வீட்டில், நான் மட்டும்.

பாயை விரித்து, குதிகாலுக்குத் துண்டைச் சுருட்டி அவளே வைத்துக்கொண்டு படுத்தாள். நான் கையை வைத்ததும், "இருங்க" என்றாள்.

"நேத்து மாதிரி எடுத்தா ஒண்ணும் நடக்காது. நான் அழுவேன். கத்துவேன். போதும்பேன், விடுங்கம்பேன். அப்ப நிறுத்தாதீங்க."

"மேடம் சொன்னாங்களேம்மா, வேற மாதிரி வலிச்சா விடணும்னு. அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

யோசித்தாள். "நெஜமாவே முடியலன்னா உங்க பேரச் சொல்லிக் கூப்புடுவேன். அப்ப விடுங்க. வேற எதுக்கும் விடாதீங்க."

பெற்ற பிள்ளை அப்பனைச் சென்றாயன் என்று பேர் சொல்லிக் கூப்பிடுவதாவது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று வாத்தியார் அப்பா பெயர் என்ன என்று கேட்டபோதே, பெரியவர்கள் பேரைச் சொல்லக் கூடாது என்று ஈஸ்வரி சொல்லி வைத்திருந்ததால், 'மெத்தக்கடைக்காரர்' என்று சொன்னவள் இவள். அவளுக்கு அதைவிட வாய்க்கு வராத சொல் உலகத்தில் இருக்காது. அதனால்தான் அதை எடுத்திருக்கிறாள் என்று பிறகு புரிந்தது.

"சரி" என்றேன்.

பாரத்தை இறக்கினேன். முதலில் பல்லைக் கடித்தாள். முட்டி கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் தட்டி நின்றது. கட்டி அங்கேதான் இருக்கிறது, நான் வளர்த்த கட்டி. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"போதும்ப்பா."

கையை எடுக்கவில்லை.

"அப்பா, விடுங்கப்பா, வலிக்குதுப்பா."

என் கண்ணிலிருந்து வடிந்து அவள் கால்மேல் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. அவள் நல்லபடியாக எழுந்தால் கோயம்புத்தூர் போய்விடுவாள். போகட்டும். போ, போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

"பாவிப்பா நீங்க" என்றாள். "உங்களாலதான" என்றாள். "அம்மா" என்றாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, தெருவே கேட்கும்படி "அப்பா, அப்பா" என்று அலறினாள். என் பெயர் வந்துவிடுமோ என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தால் விட்டுவிடலாம் என்று எனக்கே ஆசையாக இருந்தது. அவள் கடைசி வரைக்கும் அதைச் சொல்லவில்லை. நானும் விடவில்லை.